காட்டெருமை எழுத்து

பிளம் ஃபோர்க், நெப்ராஸ்கா
அக்டோபர் 3, 1889

அப்பாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நோட்டீஸ் அடித்தீர்கள் என்றால், தெரிந்துகொண்டீர்கள். இனி எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் சாக்பீஸ் பெட்டி வந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நேர அட்டவணைக்கும் சோடா மாவு விளம்பரத்துக்கும் நடுவில் என் பெயர் இருந்தது. வாசலில் நின்றபோதே தெரிந்துவிட்டது. அந்தப் பருத்த உடம்பும், கீழே இரண்டு பக்கமும் அகட்டி வைத்த தடித்த பாதமும் எனக்குத் தெரியாதா? நம் அச்சுக்கடையின் பெரிய மரக்கட்டை எழுத்து, காட்டெருமை. 'காணவில்லை' ஒரு வரி. 'ஹல்டா' ஒரு வரி. 'பிக்ஸ்பி' ஒரு வரி. அதற்குக் கீழே கொஞ்சம் சிறிய எழுத்தில் என் உயரம், என் கண்ணின் நிறம், இடது கையில் உள்ள தழும்பு. ஓடிப்போன குதிரைக்கும் இதே வரிசையில்தான் நீங்கள் அடிப்பீர்கள். அளவு, நிறம், சூட்டுக்குறி.

ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார், "டீச்சரம்மா, இது நீங்கதானா? இல்ல உங்க பேர்ல இன்னொருத்தரா?"

என் பின்னால் நின்ற இரண்டு பேர் என் இடது கையைப் பார்த்தார்கள். நான் கையுறையைக் கழற்றவில்லை. சாக்பீஸ் பெட்டியை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

பள்ளிக் கமிட்டித் தலைவர் ஓபர்மேயர் இன்று காலையில் வகுப்புக்கு வெளியே வந்து நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க மேல எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல அம்மா. ஆனா இவ்வளவு பெரிய எழுத்துல ஒருத்தர் பேரைப் போட்டிருக்காங்கன்னா, ஏதாவது இருக்கும்ல?" கமிட்டி என்னை விசாரிக்கப் போகிறது. மூன்று பேர். என்ன செய்துவிட்டு ஓடிவந்தேன் என்று நான் விளக்க வேண்டும். விளக்கம் பிடிக்கவில்லை என்றால் வேலை போய்விடும். இந்த வேலையைத் தவிர எனக்கு இங்கே எதுவும் இல்லை.

நான் ஏன் போனேன் என்று உங்களுக்குத் தெரியும். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, தபால் ஆபீஸ் சுவரில் ஒட்டினீர்களே, அதே எழுத்தில் தலைப்புப் போட்டு. 'விற்பனைக்கு. ஹல்டா. வயது இருபத்தாறு. பல் முழுசும் இருக்கிறது. வண்டியில் பூட்டிப் பழக்கமில்லை. கொஞ்சம் உதைக்கும்.' ஊரே கூடிச் சிரித்தது. அதில் முதல் சிரிப்பு உங்களுடையது.

ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை என் பெயரைச் சுவரில் ஏற்றிவிட்டீர்கள். போதும்.

ஹல்டா


ஆல்டர் கிரீக்
அக்டோபர் 8

பள்ளிக்கூடத்து மகாராணிக்கு அப்பன் அமோஸ் எழுதுறது,

பாத்தியா, நோட்டீஸ் வேலை செஞ்சுடுச்சு! ரெண்டு மாசமா ஒரு வரி எழுதாதவ முழுசா ரெண்டு பக்கம் எழுதிட்டே. காட்டெருமையைத் திட்டாதே. அதுக்குப் பேரு வச்சதே நீதான். பத்து வயசுல கட்டைப் பெட்டியைத் திறந்து பாத்துட்டு, "அப்பா, மத்த எழுத்தெல்லாம் நிக்குது, இது மட்டும் மேய வந்த மாதிரி உக்காந்திருக்கு"ன்னியே.

உன் கோவம் இருக்கட்டும், நான் சொல்றதைக் கேளு. ஆகஸ்ட்ல நீ போன அன்னைக்கு உன் கட்டில்மேல போர்வையை மடிச்சு வச்சிருந்தே. அதைப் பாத்துட்டு, சாயங்காலம் வந்துடுவான்னு நெனச்சேன். ஒரு வாரம் நெனச்சேன். அப்புறம் சோளம் அறுக்கிற காலம் வந்துடுச்சு, ரோட்டுல எவன் எவனோ போறான் வர்றான். எனக்குச் சோறு இறங்கல. மூணாம் வகுப்போட நின்னவன்டி நான். ஒவ்வொரு ஊருக்கும் உக்காந்து காகிதம் எழுத எனக்கு வராது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எழுத்தை எடு, அடுக்கு, முடுக்கு, மை தடவு, அமுக்கு.

எந்த எழுத்துல போட? சின்ன எழுத்துல போட்டா ஸ்டேஷன்ல எவன் கிட்ட வந்து படிப்பான்? கையில மூட்டை, இடுப்புல புள்ளை, வண்டி ஊதுது. அந்தக் கூட்டத்துல நின்னு பேசுறதுக்குன்னே பொறந்தது காட்டெருமை. சர்க்கஸா, ஏலமா, ஊர்ல தீப்பிடிச்சுதா, ஓட்டுப் போடச் சொல்லணுமா, எல்லாத்துக்கும் அதுதானே போகும். செவிடனுக்குக்கூடக் கேக்கும். ஆனா அதுக்கிட்ட ஒரு கெட்ட குணம். எடத்தைத் தின்னும். ஒரு வரிக்கு ஒரு வார்த்தை, மிஞ்சினா ரெண்டு குட்டி வார்த்தை. மூணு வரி போட்டேன், காகிதம் முக்கால்வாசி முடிஞ்சுடுச்சு. மிச்சம் இருந்த எடத்துலதான் உன் உசரம், கண்ணு எல்லாம்.

உன் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு அதுலயே அடிச்சிருக்கேனே, நீ படிக்கலையா? 'இவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. தப்பு அப்பனுடையது.' அடியில போட்டிருக்கேன். டீச்சரம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சா? அந்த ஓபர்மேயருக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடு.

மொத்தம் அறுபது நோட்டீஸ் ரயில் கார்டுகிட்ட கொடுத்தனுப்பினேன், மேற்கே போற லைன் முழுக்க. கிழிக்கச் சொல்றே. யோசிக்கிறேன். நீ எப்ப வீட்டுக்கு வர்றேன்னு எழுது, உடனே கிழிச்சுடறேன்.

உன்னைத் தொலைச்சுக் கண்டுபிடிச்ச,
அப்பா


பிளம் ஃபோர்க்
அக்டோபர் 14

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். அடியில் நீங்கள் சொன்ன வரி இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டேன்.

"அதுவா? பலகையில அவ்வளவு எடம் இல்லம்மா. கால அட்டவணையை மறைக்கக் கூடாதுன்னு சட்டம். கீழ ஏதோ பொடி எழுத்து இருந்துச்சு, அச்சகத்துப் பேரு விலாசம்னு நெனச்சு கத்தரிச்சுட்டேன். எல்லா நோட்டீஸ்லயும் அது அங்கதானே இருக்கும்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அச்சகத்தின் பெயரை எந்த எழுத்தில், எந்த இடத்தில் போடுவீர்களோ, அதே எழுத்தில், அதே இடத்தில் உங்கள் தப்பைப் போட்டிருக்கிறீர்கள். என் பெயர் ஒரு சாண் உயரம். உங்கள் தப்பு எறும்பு அளவு. முப்பது வருடம் இந்தத் தொழில் செய்கிறவருக்கு முதலில் எது கத்தரிக்கப்படும் என்று தெரியாதா?

கமிட்டி ஒரு தடவை கூடிவிட்டது. நான் தங்கியிருப்பது தேவாலய உதவியாளரான டீக்கன் ஃபிஸ்க் வீட்டு மாடியில். அவரும் கமிட்டியில் ஒருவர். மற்றவர் லார்ஸ் ஹோகன், இளம் விவசாயி. கேள்வியெல்லாம் டீக்கன்தான் கேட்டார்.

"உங்க அப்பா உங்களை அடிச்சாரா?"

"இல்லை."

"குடிக்கிறவரா?"

"இல்லை."

"யாரோடவாவது வீட்டை விட்டு வந்தீங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்னதான் பண்ணினார்?"

"கேலி பண்ணினார்" என்றேன்.

லார்ஸ் ஹோகன் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, சட்டென்று வந்துவிட்டது. டீக்கன் சிரிக்கவில்லை. "கேலிக்காக எந்தப் பொண்ணும் இருநூறு மைல் ஓடி வர மாட்டா. இதுல வேற ஏதோ இருக்கு" என்றார். நவம்பர் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, முடிவு சொல்கிறார்கள்.

அவர்களிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். ஜூலை நாலாம் தேதி கேலப் ரூட் அந்த நோட்டீஸை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு தேவாலயத்திலிருந்து வீடுவரை நடந்து வந்தவர். "பல் முழுசும் இருக்கிறது" என்ற இடத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாயைத் திறந்து காட்டச் சொன்னார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஊரை விட்டுப் போனது அவரால் அல்ல.

எப்போது வருகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். வரவில்லை.

ஹல்டா


ஆல்டர் கிரீக்
அக்டோபர் 22

ஹல்டா,

கடையைப் பூட்டிட்டு ஆறு நாள் லைன்ல போயிட்டு வந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கி நானே கிழிச்சேன். அறுபதுல நாப்பத்தஞ்சு கைக்கு வந்துடுச்சு. உன் ஊருக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே நின்னுட்டேன். வந்தா நீ கல்லெடுத்து அடிப்பேன்னு பயம்.

ஒரு எடத்துல ஸ்டேஷன் மாஸ்டர் விட மாட்டேங்கிறார். "யோவ், எதுக்குக் கிழிக்கிறே?"

"பொண்ணு கெடச்சுட்டாய்யா."

"என்ன திருடினா?"

"ஒண்ணும் திருடலய்யா. என் பொண்ணு."

"அப்ப எதுக்கு இம்மாம் பெருசா?"

"எங்கிட்ட இருக்கிற பெரிய எழுத்து அதுதான்."

"என் தங்கச்சி மாப்பிள்ளை செத்ததுக்குக்கூட இதுல பாதி எழுத்துதான்யா போட்டோம்!"

இன்னொரு எடத்துல உன் பேருக்குக் கீழ எவனோ பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தான். அதை உனக்கு எழுத மாட்டேன். கிழிச்சுச் சுருட்டி வாயில போட்டு மென்னுட்டேன். அங்க இருந்த ஒரு கிழவி, "பசின்னா கேளுய்யா, சோள ரொட்டி தர்றேன்"னா. வாங்கித் தின்னேன். மையும் ரொட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு. சிரிச்சியா? சிரிக்க மாட்டே.

அடியில கத்தரிச்சது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ஆனா நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்னு ரயில்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன். அந்த வரியைக் கோக்கும்போது நான் என்ன நெனச்சேன்? எடம் இல்லைன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன்னு நெனைக்கிறேன்.

சரி, அதை விடு. உன் கமிட்டிக்காரங்களுக்கு நான் ஒரு வழி பண்ணிட்டேன். கெட்ட சேதி போன அதே எழுத்துல நல்ல சேதியும் போகணும், இல்லைன்னா சமமாகாது. வந்த கையோட அடிச்சு நேத்தைய வண்டியில அனுப்பிட்டேன். 'கிடைத்துவிட்டார்.' ஒரு வரி. 'ஹல்டா.' 'பிக்ஸ்பி.' அடியில இல்ல, இந்தத் தடவை நடுவுல: 'நலமாக இருக்கிறார்.' உன் ஸ்டேஷனுக்கு மட்டும் ரெண்டு. அந்த டீக்கன் வாயை மூடிக்கிட்டுப் போகட்டும்.

இந்தத் தடவையாவது அப்பனுக்கு ஒரு சபாஷ் போடு.

அப்பா


பிளம் ஃபோர்க்
அக்டோபர் 28

அப்பாவுக்கு,

இன்று காலை வருகைப் பட்டியல் படித்தேன். ஒவ்வொரு பிள்ளையும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். முதல் பையன் எழுந்து, "கிடைத்துவிட்டேன்" என்றான். அடுத்தவள், "கிடைத்துவிட்டேன்." இருபத்திரண்டு பேரும் அதையே சொன்னார்கள். நான் பட்டியலை முடித்து, கணக்குப் பாடம் எடுத்தேன்.

திருமதி ஃபிஸ்க் சாப்பாட்டு மேஜையில் என் தட்டை ஓரத்தில் வைக்கிறார். டீக்கன் சொன்னார்: "தொலைஞ்சதும் ஊருக்குச் சொல்றாங்க, கெடச்சதும் ஊருக்குச் சொல்றாங்க. நல்ல குடும்பத்துல ரெண்டும் நடக்காது."

நீங்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்க் கிழித்தீர்கள் என்று படித்தபோது, ஒரு பக்கம் முழுக்க உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லாமல் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இதற்கு மேல் உங்களைத் தடுத்து வைக்க எனக்குத் தெரியவில்லை. சும்மா இருங்கள் என்றால் இருக்க மாட்டீர்கள். அதனால் நானே ஒரு வேலை தருகிறேன். இன்னும் ஒரு நோட்டீஸ் அடியுங்கள். அதுதான் கடைசி. அதில் என் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது. உங்கள் பெயர் இருக்க வேண்டும், காட்டெருமையில். ஜூலையில் நீங்கள் செய்தது என்ன என்று இருக்க வேண்டும், அதுவும் காட்டெருமையில். சின்ன எழுத்தே கூடாது. ஒன்றைத் தபால் ஆபீஸ் சுவரில், அதே இடத்தில் ஒட்டுங்கள். இன்னொன்றில் ஊர் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வாங்கி, பதினாறாம் தேதிக்கு முன்னால் கமிட்டிக்கு அனுப்புங்கள். கேலி என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. செய்தவர் சொன்னால் நம்பலாம்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். வேடிக்கையாக எதுவும் எழுத வேண்டாம்.

ஹல்டா


ஆல்டர் கிரீக்
நவம்பர் 6

ஹல்டா,

முடிச்சுட்டேன். எப்படி நடந்துச்சுன்னு சொல்லணும், பொறுத்துக்கோ, கொஞ்சம் நீளமாப் போகும்.

என் பேரு சுலபமா உக்காந்துடுச்சு. அமோஸ் ஒரு வரி, பிக்ஸ்பி ஒரு வரி. அளவெடுத்துத் தச்ச மாதிரி. கட்டையை முடுக்கிட்டுக் கொஞ்சநேரம் பாத்துக்கிட்டே நின்னேன். இத்தனை வருஷத்துல என் பேரை அதுல போட்டதே இல்ல. கடைப் பலகையில இருக்கிறதுகூடப் பெயின்ட்டு.

அப்புறம்தான் கஷ்டம். நான் மொதல்ல எழுதி வச்சுக்கிட்டது இது: 'அமோஸ் பிக்ஸ்பி, சுதந்திர தினத்தன்று, எல்லாரும் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று, விளையாட்டாக, தன் மகளைப் பற்றி...' கோக்க ஆரம்பிச்சா எதுவும் உக்கார மாட்டேங்குது. 'எல்லாரும் சந்தோஷமாக' மட்டுமே வரியைத் தாண்டி மேஜைக்கு வெளிய போகுது. சரின்னு அதை எடுத்தேன். 'விளையாட்டாக' எடுத்தேன். 'சுதந்திர தினம்' எடுத்தேன். ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க எனக்கு வேர்த்துடுச்சு. இந்த எழுத்து சாக்குப்போக்கு சொல்லாது ஹல்டா. அதுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கடைசியில மிஞ்சினது:

அமோஸ்
பிக்ஸ்பி
தன் மகளை
ஊர் சிரிக்க
வைத்தான்.
தப்பு
அவனுடையது.

மூணு தாளை ஒட்டித்தான் அடிக்க முடிஞ்சுது. கட்டையில ஒவ்வொரு எழுத்தும் நாலஞ்சுதானே இருக்கு. மேல ரெண்டு வரி அடிச்சுக் காயப்போட்டு, கட்டையைக் கழுவி, பிரிச்சு, அதே எழுத்தைத் திரும்ப எடுத்து அடுத்த வரியைக் கோக்கணும். ரெண்டு நாள் ஆச்சு. 'மகளை' கோத்தப்ப எழுத்துல கழுவின ஈரம்கூடக் காயல, என் பேரிலேருந்து எடுத்தது.

சனிக்கிழமை காலையில தபால் ஆபீஸ் சுவர்ல ஒட்டினேன். சந்தைக்கு வந்த கூட்டம் பூரா வந்துடுச்சு.

"டேய், அமோஸ் புதுசா ஒண்ணு போட்டுட்டான்டா!"

"மீதி எங்கய்யா? இன்னொரு தாள் எப்ப ஒட்டுவே?"

"மீதி ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்" னேன்.

"அவ்வளவுதானாம்! மூஞ்சியைப் பாரு, என்னமா வச்சிருக்கான்! போன தடவை பொண்ணை வித்தான், இந்தத் தடவை தன்னையே வித்துக்கிட்டான்டா!"

"இல்லய்யா, நெசமாத்தான்."

நெசமாத்தான்னு நான் சொல்ல சொல்ல சிரிப்பு ஜாஸ்தியாச்சு. ஒருத்தன் முழங்கால்ல கையை ஊணிக்கிட்டுச் சிரிக்கிறான். நோட்டீஸ் ஒட்டினா ஓரமா நின்னு யாரு எங்க சிரிக்கிறாங்கன்னு பாக்கிறது என் வழக்கம். அன்னைக்கு ஓரம் கெடைக்கல. நடுவுல நின்னேன். மத்தியானம்வரைக்கும் நின்னேன். நெசம்னு ஒருத்தன்கூட நம்பல. என் வாயைத் திறந்து காட்டச் சொல்லி யாரும் கேக்கல, அது ஒண்ணுதான் பாக்கி.

கேலப் ரூட் வந்தான். படிச்சான். இந்தத் தடவை உதடு அசையல. என்னை நிமிந்து பாக்காமலே திரும்பிப் போயிட்டான். அவன் மட்டும்தான் சிரிக்கல.

வேடிக்கை எழுதாதேன்னு சொல்லியிருக்கே. இது வேடிக்கை இல்ல, கேளு. உங்கம்மா செத்த வாரம் உனக்கு ஆறு வயசு. நாலு நாளா நீ எதையும் வாயில வைக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. நான் உங்கம்மா தொப்பியைத் தலையில கவுத்துக்கிட்டு, முட்டை போடுற கோழி மாதிரி மேஜையைச் சுத்திச் சுத்திக் கத்தினேன். நீ சிரிச்சே. சிரிச்சு வாயைத் திறந்தப்ப ஒரு கரண்டி கஞ்சியை உள்ள தள்ளிட்டேன். அதுலேருந்து எனக்கு ஒரு வழிதான் தெரியும். நீ வளந்தது எனக்குத் தெரியல. நீ சிரிக்கிறதை எப்ப நிறுத்தினேன்னும் கவனிக்கல. வேற ஆளுங்க சிரிச்சாங்க, அது போதும்னு இருந்துட்டேன்.

மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டார். அவரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அடப்பாவி அமோஸ்"னு சிரிச்சுக்கிட்டேதான் போட்டார். அதை இன்னைக்கு ஓபர்மேயர் பேருக்கு அனுப்பிட்டேன். உன் கமிட்டியும் சிரிச்சுடுமோன்னு எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

அப்பா


பிளம் ஃபோர்க்
நவம்பர் 17

அப்பாவுக்கு,

நேற்று கமிட்டி கூடியது. உங்களுக்கு உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது.

பள்ளிக்கூட மேஜைமேல் ஓபர்மேயர் உங்கள் தாளைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. மேஜையைத் தாண்டி இரண்டு பக்கமும் தரைவரை தொங்கியது. டீக்கன் ஃபிஸ்க் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, பிறகு தேவையில்லை என்று கழற்றிவிட்டார்.

"மனசு திருந்தினவன் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவான். கஜக் கணக்குல அச்சடிக்க மாட்டான்" என்றார் அவர்.

லார்ஸ் ஹோகனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. இங்கேயும் அதேதான் என்று நினைத்தேன்.

ஓபர்மேயர் ஜெர்மன்காரர். நம் பாஷையை ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பார். கீழே குனிந்து, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து, மேஜையைச் சுற்றி நடந்தபடியே படித்தார். அவ்வளவு பெரிய எழுத்தை அவ்வளவு மெதுவாகப் படிக்கும் ஒருவரை நான் பார்த்ததில்லை. லார்ஸின் சிரிப்பு பாதியில் அடங்கிவிட்டது. கடைசி எழுத்துக்கு வந்ததும் ஓபர்மேயர் நிமிர்ந்து, விரலில் ஒட்டிய மையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"எனக்கு நாலு பொண்ணு. சாப்பாட்டு நேரத்துல நானும் இந்த மாதிரி சொல்லியிருக்கேன். பெரியவ எழுந்து போயிடுவா. எதுக்குப் போறான்னு நான் கேட்டதில்ல" என்றார். பிறகு லார்ஸைப் பார்த்து, "டீச்சர் இருக்கட்டும்னு நான் சொல்றேன். நீ என்ன சொல்றே?" என்றார்.

லார்ஸ் தொப்பியைச் சுற்றியபடியே, "இருக்கட்டும்" என்றார். டீக்கன் கூடாது என்றார். இரண்டுக்கு ஒன்று. மார்ச் கடைசிவரை வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு திரும்பப் பார்ப்பார்களாம். இனி எந்தச் சுவரிலும் என் பெயர் வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதை உங்களுக்கு எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

டீக்கன் வீட்டு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லார்ஸின் அம்மா ஒரு அறை கொடுத்திருக்கிறார். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு மைல் நடை. ஜன்னல் இடுக்கு வழியே பனி வருகிறது, துணி அடைத்திருக்கிறேன். பிள்ளைகள் இன்னும் சில நாள் "கிடைத்துவிட்டேன்" என்பார்கள். சலித்ததும் விட்டுவிடுவார்கள்.

நீங்கள் சந்தையில் நடுவில் நின்றதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சந்தோஷப்படவில்லை. படுவேன் என்று நினைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. நீங்களும் வர வேண்டாம். உங்களை நேரில் பார்த்தால் முதல் நிமிடம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நான் இப்போது தாங்க மாட்டேன். கடிதம் எழுதுங்கள். கேலி இருந்தால் படிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

ஹல்டா


ஆல்டர் கிரீக்
டிசம்பர் 1

ஹல்டாவுக்கு,

உன் காகிதம் வந்துச்சு. வேலை தப்பிச்சுடுச்சுன்னு படிச்சதும் கடைக்குள்ளயே உக்காந்துட்டேன். வர வேணாம்னு எழுதியிருக்கே. வரல. ஜன்னலுக்குத் துணி போதாது. களிமண்ணும் வைக்கோலும் கொழைச்சு வெளிப்பக்கமா அப்பச் சொல்லு, அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு மைல் நடக்க உன் பூட்ஸ் தாங்குமா? நீ போனப்ப எது போட்டுக்கிட்டுப் போனேன்னு எனக்குத் தெரியல. எழுது.

அந்த ஓபர்மேயருக்கு என் நன்றியைச் சொல்லு. வேற எதுவும் சொல்ல வேணாம்.

இங்க ஒண்ணு நடந்துச்சு. அதை உன்கிட்ட மறைச்சா சரியா இருக்காது. செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை வில்கின்ஸ் வந்தார். அவர் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கு.

"அமோஸ், ஒரு காணவில்லை போடு. உன் பெரிய கட்டையில. எடை இவ்வளவு, குரல் ஊர்க்கோடிவரை கேக்கும், திருப்பிக் கொண்டுவர வேணாம், வச்சுக்கிறவருக்கு ஒரு பாட்டில் டானிக் இலவசம்னு போடு. ஊரு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்."

ஹல்டா, நான் பொய் சொல்ல மாட்டேன். காதுல விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கைகூடக் கட்டைப் பெட்டிப் பக்கம் போயிடுச்சு. மேல் வரி எங்க, அடுத்த வரி எங்கன்னு மனசு அளவெடுக்க ஆரம்பிச்சுடுச்சு. அதை நிறுத்துறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது.

"அந்தம்மாவைக் கேட்டியா?" ன்னேன்.

"எதைக் கேக்கணும்?"

"இதைப் போடலாமான்னு."

"கேட்டுட்டுப் போட்டா அது என்னய்யா கேலி?"

"அப்ப நான் போட மாட்டேன்."

வெளையாடுறேன்னு நெனச்சு அவர் கொஞ்சநேரம் நின்னார். என் மொகத்தையே பாத்தார். அப்புறம் பாக்கிறதை நிறுத்திட்டார். "உனக்கு வயசாயிடுச்சுய்யா"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் போனார். என் கடைக்கு வந்து ஒரு ஆளு சிரிக்காமப் போனதை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அன்னைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல. பெருமையாவும் இல்ல. ஏதோ ஒண்ணு கொறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. கொறைஞ்சுதுன்னே இருக்கட்டும்.

இந்தக் காகிதத்தை மூணு தடவை திருப்பி எழுதிட்டேன். மொத ரெண்டுலயும் எனக்கே தெரியாம கேலி உள்ள வந்து உக்காந்திருந்துச்சு. இதுல இருக்கான்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. இருந்தா, முழுசையும் திருப்பி அனுப்பாதே. அந்த எடத்துல மட்டும் ஒரு கோடு போட்டு அனுப்பு. திருத்தி எழுதுறேன்.

அப்பா